உன் அப்பா மேல் எனக்குப் பொறாமைதான்

என் கண்ணு,

போன வாரம் நீ போனில் சிரித்துக்கொண்டே கேட்டாய். "ஏம்மா, உனக்கு அப்பா மேல பொறாமையா?" நான், "இந்த வயசுல எனக்கென்ன பொறாமை" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டு சமையல்கட்டில் நின்றிருந்தேன். அன்றிலிருந்து மனசுக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். பாத்திரம் விளக்கும்போது ஒரு பதில் வருகிறது, துணி காயப்போடும்போது வேறொன்று வருகிறது. போனில் சொல்லலாமென்றால் உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கிறது. கையில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை, நான் பேசுவதை வீடே கேட்கும். அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை உன் அப்பா உன் வீட்டுக்கு வரும்போது அவர் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டித்தான் இருக்கிறேன். ஒட்டாவிட்டாலும் பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை அவர்.

ஆமாம் கண்ணு, பொறாமைதான். அவர் மேல் மட்டுமில்லை, உன் மேலும்தான். பெற்ற மகள் மேல் ஒருத்திக்குப் பொறாமை வருமா என்று நீ கேட்கலாம். வருகிறது. கடலுக்குப் போகும்வரை எனக்கும் அது தெரியாது.

மாப்பிள்ளை வேன் பிடித்து, கோழிக்கோடு தாண்டி ஒரு கடற்கரையில் வீடு எடுத்திருக்கிறேன், எல்லாரும் போகலாம் என்று சொன்னபோது என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆறு வயதில் யாழினி, நாலு வயதில் கவின், பத்து மாதத்தில் சிட்டு, பட்டு என்று இரட்டைக் குட்டிகள். இத்தனையையும் கட்டிக்கொண்டு வெளியூர் போகிறவளுக்கு அம்மா துணை வேண்டாமா? அதில் எனக்கு வருத்தமே இல்லை. உள்ளதைச் சொன்னால் பெருமைதான். ராகி மாவு, பருப்புப் பொடி, ஓமத் தண்ணி, வெந்நீர் பிளாஸ்க், கிழித்து மடித்த பழைய வேட்டித் துணி என்று ஒரு மூட்டை கட்டினேன். வேன் ஏறும்போதே பட்டுவை என் மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். இனி மூன்று நாளைக்கு இந்தப் பிள்ளைகள் என் கையில்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வாளையார் தாண்டிப் பாலக்காடு வருவதற்குள் பட்டு குடித்த பாலை எல்லாம் என் மேல் கக்கிவிட்டாள். நான் குனிந்து துணி தேடுவதற்குள் பின் சீட்டிலிருந்து இரண்டு கைகள் வந்தன. "இங்க குடு, நீ சேலையத் தொடச்சுக்கோ" என்றார் உன் அப்பா. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, பிள்ளையின் வாயையும் கழுத்தையும் துடைத்து, சட்டையைக் கழற்றி, வேறு சட்டை போட்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தார். பட்டு அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். நீ திரும்பிப் பார்த்து, "சூப்பர் அப்பா" என்றாய். நான் நனைந்த சேலையோடு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தத் துண்டில் ஒரு மஞ்சள் கறை இருந்தால் அந்தக் காலத்தில் வீட்டில் என்ன சத்தம் போடுவார் என்று உனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்கொரு பிள்ளையாக இரண்டையும் தூக்கிக்கொண்டு அலையில் நின்றிருந்தார். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் கூவின குரல் இருக்கிறதே, மண்டியை விட்டு வந்தபிறகு நான் கேட்கவே கேட்காத குரல், அதில் கூவிக்கொண்டிருந்தார். "சிட்டு ஒருதரம்... சிட்டு ரெண்டு தரம்..." அலை வருகிறவரை காத்திருந்து, "மூணுதரம்" என்று அவள் காலைத் தண்ணீரில் நனைப்பார். அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். உடனே அந்தப் பக்கம் பட்டு தன் முறைக்குத் துள்ளுவாள். அக்கம்பக்கத்தில் நின்றிருந்த குடும்பமெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஒரு அம்மா என்னிடம் வந்து மலையாளத்தில், குழந்தைகளின் தாத்தாவா, எவ்வளவு பிரியம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கையில் கஞ்சிக் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. தலையாட்டினேன்.

கண்ணு, அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது வேறொரு காலை. காரமடைத் தேர். நீ நடக்கப் பழகிவிட்ட பிள்ளை, உன் தம்பி கைக்குழந்தை. பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் நடக்கிறோம். முன்னால் உன் அப்பாரு, அதுதான் என் மாமனார், பக்கத்தில் உன் அப்பா. பத்தடி பின்னால் நான், ஒரு இடுப்பில் நீ, தோளில் அவன், கையில் பால் புட்டியும் துணியும் வைத்த பை. உன் அப்பாவின் கை இரண்டும் வெறுங்கை. பெற்றவர் முன்னால் தான் பெற்றதைத் தூக்குவது மரியாதை இல்லை என்று அந்த வீட்டில் ஒரு வழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, எல்லா ஆண்களும் அப்படித்தான் நடந்தார்கள். வெயிலில் நீ கையை நீட்டி, "அப்பா, அப்பா" என்று அழுதாய். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பொரிக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பின் தெரியாத ஒரு பெண்தான், "இங்க குடுங்க அம்மணி" என்று உன்னை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கைகளைத்தான் நான் கடற்கரையில் பார்த்தேன். அதே கைகள்தான். தூக்கத் தெரியாத கைகள் இல்லை. அன்றைக்கு நீயும் உன் தம்பியும் கேட்டுக் கிடைக்காதது, உன் பிள்ளைகளுக்குக் கேட்காமலே கிடைக்கிறது. உனக்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னவோ நெஞ்சுக்குள் மிளகாயைக் கிள்ளிப் போட்டதுபோல் இருந்தது.

உன்னைப் பார்த்தும்தான். அன்று வெயில் ஏறுவதற்கு முன், மாப்பிள்ளை கவினைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நீ போயிக் குளி, நான் பாத்துக்கறேன்" என்று உன்னிடம் சொன்னார். நீ ஒரு பேச்சு மறுத்துப் பேசவில்லை. துப்பட்டாவைக் கழற்றி என் பக்கத்தில் போட்டுவிட்டு, நேராகத் தண்ணீருக்குள் போனாய். இடுப்பளவு ஆழத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். அலை உன்னைத் தூக்கும், இறக்கும். நாலு பிள்ளை பெற்றவள் மாதிரியே இல்லை. பிள்ளை அழுகிறதா என்று ஒரு தடவைகூட நீ கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்படி ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. நீ கையாட்டி, "அம்மா, நீயும் வா" என்றாய். "புள்ளைங்களுக்குத் தூக்கம் வந்துரும், கஞ்சி குடுக்கோணும்" என்றேன். ஒரு பிள்ளைக்கும் தூக்கம் வரவில்லை. உன்னைப் பார்த்து எரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பொறாமைக்காரியின் கண்ணுக்கு மற்றவர்கள் கவனிக்காத ஒன்றும் படுகிறது. யாழினி என் பக்கத்தில் பையையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ போகல சாமி?" என்று கேட்டேன். "அம்மா வர்ற வரைக்கும் நான்தான் பைய பாத்துக்கோணும். பாப்பாக்களோட பால் பாட்டில் இருக்குதுல்ல" என்றாள். ஆறு வயது. கவின் அப்பா தோளில் இருக்கிறான், இவள் கடலைப் பார்க்காமல் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ அவளிடம் ஒருமுறை சொல்லியிருப்பாய், விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டாள். மாப்பிள்ளை உனக்குக் கை கொடுக்கிறார், நல்லது. இன்னொரு கையை இந்தச் சின்னவளிடம் வாங்காதே அம்மணி. பொறுப்பான பிள்ளை என்று பேர் வைத்துவிட்டால், அவள் அதை மறுக்கத் தெரியாமலே வளர்ந்துவிடுவாள். நான் வளர்ந்ததும் அப்படித்தான்.

மத்தியானம் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து அதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வராண்டாவில் உன் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார், சிட்டு அவர் நெஞ்சில் கிடந்தாள். நான் கஞ்சி ஊட்டுவதற்காக அவளைத் தூக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் பனியனை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு வளர்த்த கை இது. இதைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நீ உள்ளேயிருந்து, "விடும்மா, அப்பாகிட்டயே இருக்கட்டும். நீ போயி ரெஸ்ட் எடு" என்றாய். அன்போடுதான் சொன்னாய். என் காதில் அது, உனக்கு இங்கே வேலை இல்லை என்று விழுந்தது.

"இந்தக் கையெல்லாம் அன்னிக்கு எங்கீங்க இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "என்ற புள்ளைங்க அழுதப்ப வெறுங்கைய வீசிக்கிட்டு முன்னாடி நடந்தீங்கல்ல. இப்ப ஊரே பாக்கற மாதிரி ஏலம் கூவறீங்க."

கவின்கூட விளையாட்டை நிறுத்திவிட்டான். யாழினிதான், "அன்னிக்குன்னா எப்ப, அம்மிச்சி?" என்று என்னைக் கேட்டாள். உன் அப்பா எழுந்தார். சிட்டுவை மெதுவாகப் பிரித்து உன் கையில் கொடுத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நீ என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னாய்: "அவரு இப்பத்தாம்மா எனக்கு அப்பாவாட்டம் இருக்காரு. அதையும் கெடுத்துப்போட்ட." கண்ணு, நீ சொன்னது சரிதான். நீயும் அந்தத் தேர்க்கூட்டத்துப் பிள்ளைதான், உனக்கும் அது இப்போதுதான் கிடைக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் பங்கை மட்டும்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளைத் தொடவில்லை. மறுநாள் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பட்டு தவழ்ந்து போய் அவர் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றாள். அவர் குனியவில்லை. என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல. இரண்டு குட்டிகளும் என்னிடமே வந்தன, கஞ்சி குடித்தன, என் மடியில் தூங்கின. நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த நாளைப்போல ஒரு கசப்பான நாள் எனக்கு இருந்ததில்லை.

கிளம்புகிற அன்றைக்கு விடிந்ததும், நீங்களெல்லாம் எழுவதற்கு முன் நான் தண்ணீர்ப் பக்கம் போனேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து பக்கத்தில் நின்றார். "அன்னிக்குன்னு சொன்னியே, எந்த அன்னிக்கு?" என்றார்.

"தேரன்னிக்கு."

"எந்தத் தேரு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை கண்ணு. இத்தனை வருஷமாக நான் எண்ணெய் ஊற்றி எரியவிட்டுக்கொண்டிருந்த ஒன்று, அவருக்குள் இல்லவே இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார். நான் சொன்னேன். பஸ்ஸில் இடம் கிடைக்காததிலிருந்து, உன் தம்பிக்குச் சளி பிடித்திருந்தது, என் செருப்பு வார் அறுந்தது, நீ கையை நீட்டியது, அவர் பொரிக்கடையைப் பார்த்தது, அந்தப் பெண் உன்னை வாங்கிக்கொண்டது வரை எல்லாம் சொன்னேன். நான் ஒன்று பேசினால் பாதியில் எழுந்து போகிற மனுஷன், கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

"புள்ள என்னையக் கூப்பிட்டு அழுதுச்சா?"

"ஆமாங்க."

"நான் திரும்பிப் பாத்தனா?"

"பாத்தீங்க."

அவர் எழுந்து போய், அலையில் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு வந்து, "நெனப்பில்ல புள்ள. ஆனா நீ சொன்னா அப்படித்தான் இருந்திருக்கும். எங்கப்பா முன்னாடி எனக்குக் கையே வராது" என்றார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அந்த வார்த்தை வராது, எனக்கும் அது தேவைப்படவில்லை. நான் சொல்லி அவர் கேட்டுவிட்டார். நடந்தது நடந்ததுதான் என்று ஒத்துக்கொண்டார். அது போதுமாக இருந்தது. "போயிப் புள்ளைங்களைத் தூக்கிட்டு வாங்க. கெளம்பறதுக்குள்ள ஒருக்கா கடலைக் காட்டோணும்" என்றேன். "ரெண்டையுமா?" என்றார். "ரெண்டையுந்தான். ஒண்ண எங்கிட்டக் குடுங்க" என்றேன். அவர் இரண்டையும் கொண்டுவந்தபோது பின்னாலேயே யாழினி வந்தாள். கையில் பை இருந்தது. அதை வாங்கி மணலில் வைத்துவிட்டு, பட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் வரைதான். சேலை முழுக்க நனைந்துவிட்டது. நீ எழுந்து வந்து, "ஏம்மா ஈரத்தோட நிக்கற" என்று கேட்டாயே, அதுதான் விஷயம்.

இதெல்லாம் நடந்துவிட்டதால் என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஊருக்கு வந்ததும் நீ சொன்னாய், விட்ட வேலைக்குத் திரும்பப் போகிறேன், சரவணம்பட்டிக்கு வந்து வாரநாளில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அப்பாவால் முடியுமா என்று. அப்பாவால். "உனக்கு முட்டி வலிம்மா, நீ எங்களுக்குப் பாத்ததே போதும்" என்றாய். அவர் அன்றைக்கே துணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். காந்திபுரத்தில் இறங்கினால் எந்த டவுன் பஸ் ஏறணும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் அவர் சட்டைகளை இஸ்திரி போட்டபடி, எனக்கு முட்டி வலி என்று எவன் சொன்னான் என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். வலி இருக்கிறது. ஆனாலும்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்று நீயே முடிவு பண்ணாதே. என்ன வேண்டுமென்று என்னைக் கேள். ஓய்வு என்று நீங்கள் நல்ல மனதோடு சொல்வது, காலம் முழுக்க வேலை பார்த்தவளுக்கு வெளியே போ என்று கேட்கிறது. இப்போது நீ கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். முதல் மாதம் நான் வரவில்லை. கோபத்தில் இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. யாருக்கும் சோறு வடிக்காமல் இருந்தால் எனக்கு என்ன பசிக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. நீ கண்ணை மூடிக்கொண்டு கடலில் நின்றாயே, அப்படிக் கொஞ்ச நாள் நின்று பார்க்கிறேன். பிறகு வருகிறேன். வந்தால் வேலைக்காகவும் வருவேன், சும்மா உட்காரவும் வருவேன், இரண்டுக்கும் இடம் வை.

மாப்பிள்ளை செய்வதை எல்லாம் உபகாரம் என்று எண்ணி அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்காதே. அவர் பிள்ளைகள்தானே. அதேபோல அவர் செய்கிறாரே என்று உனக்குக் கூச்சமும் வேண்டாம். என்னைப்போல எதையும் உள்ளே போட்டுப் புழுங்கவும் விடாதே. அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில், "இந்தாங்க, இவளப் புடிங்க" என்று உன்னை அவர் கையில் திணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன் அப்பாரு ஒரு நாள் முறைத்திருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும். எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

உன் அப்பாவைப் பற்றிச் சில விஷயம். பிரஷர் மாத்திரையைக் காலையில் நீ எடுத்துக் கொடுத்தால்தான் போடுவார். பிள்ளை தூங்கினால் அவரும் தூங்கிவிடுவார், அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கும்படி பார்த்துக்கொள். நாப்கின் மாட்டும்போது முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டுவார், சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டார். நீ ஆபீஸிலிருந்து வந்ததும் அவரிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசு. சின்ன வயதில் உனக்குத் தர வேண்டிய நேரம் அவரிடம் நிறைய மிச்சம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்.

நீ அவரைப் புகழ்வதையும் நான் தடுக்கமாட்டேன். என்னிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல். இரட்டைகள் இரண்டும் இப்போது வாயைக் குவித்துச் சத்தம் பண்ண ஆரம்பித்திருக்கிறார்கள், சீக்கிரம் பேசிவிடுவார்கள். அவர்கள் முதலில் சொல்கிற வார்த்தை 'அம்மிச்சி' என்று இல்லாமல் 'அப்புச்சி' என்று இருந்தால், எனக்கு உடனே போன் பண்ணாதே கண்ணு. இரண்டு நாள் கழித்துச் சொல்.

உன் அம்மா